சுருக்கினால் மறைந்துபோகும் மதிப்பகம்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித்தருகிறேன். சார்புகளின் சேர்ப்பு, அதாவது ஒரு சார்பு தரும் விடையை இன்னொரு சார்புக்குள் போடுவது, வந்துவிட்டால் வகுப்பு களைகட்டிவிடும். சுருக்குவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். மதிப்பகம், அதாவது சார்புக்குள் போடத்தக்க எண்களின் கணம், எது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு விடை.

வழக்கமாக நான் பலகையில் எழுதுவது இது: உள்ளே ஜி(எக்ஸ்) = √(எக்ஸ் − 3), வெளியே எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² + 2. சேர்த்தால் வர்க்கமும் மூலமும் ஒன்றையொன்று விழுங்கிவிட, எக்ஸ் − 1 மட்டும் மிஞ்சும். "நேர்கோடு சார், எல்லா மெய்யெண்ணும் வரும்" என்று முன்வரிசை ஒரே குரலில் சொல்லும். 0 போட்டுப் பார் என்பேன். சுருக்கிய வடிவம் தயங்காமல் −1 என்கிறது. ஆனால் அந்த 0 முதலில் ஜி-யிடம் போகவேண்டும்; அங்கே இருப்பதோ √(−3). மெய்யெண்களில் அதற்கு இடமில்லை. ஆக மதிப்பகம் 3-இல்தான் தொடங்குகிறது. இதனால்தான், சுருக்குவதற்கு முன்பே மதிப்பகத்தை எழுதிவைக்கச் சொல்கிறேன்.

அடுத்து அதே ஜி-யை வைத்துக்கொண்டு எஃப்-ஐ 1/(எக்ஸ் − 2) என்று மாற்றுவேன். சிலர் பின்னத்தின் கீழே உள்ள பகுதியைப் பார்த்ததும் 2-ஐ விலக்கிவிடுவார்கள். 2 ஏற்கெனவே 3-க்குக் கீழே இருக்கிறது, அதை விலக்கி என்ன பயன்? ஜி எந்த எண்ணை 2 ஆக்குகிறதோ அதைத்தான் விலக்கவேண்டும். √(எக்ஸ் − 3) = 2 என்றால் எக்ஸ் = 7. விடை: 3-உம் அதற்கு மேலும், 7 நீங்கலாக.

இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், உள்சார்பின் வீச்சகம், அதாவது அது தரும் விடைகள், வெளிச்சார்பின் மதிப்பகத்துக்குள் அடங்கினால்தான் சேர்ப்பே உண்டு என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே. ஜி 2-ஐத் தருகிறது, எஃப் 2-ஐ ஏற்காது. அப்படியென்றால் எஃப்∘ஜி என்ற சேர்ப்பே கிடையாது என்றுதானே எழுதவேண்டும்?"

அருமையான கேள்வி. கணங்களை முன்கூட்டியே வரையறுத்துக் கொடுத்திருந்தால் அவள் சொன்னதே சரி. வாய்பாட்டை மட்டும் கொடுத்து மதிப்பகம் காண்க என்று கேட்கும்போது, சேர்ப்புக்கு இடம்கொடுக்கும் மிகப் பெரிய கணத்தைத் தேடு என்பது பொருள். 7-ஐ எடுத்துவிட்டால் அவள் சொன்ன நிபந்தனையும் நிறைவேறிவிடுகிறது. வினாத்தாள்கள் இதை வெளிப்படையாகச் சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

*

ஐயா, உங்கள் பதிவைப் படித்தேன். கணினியில் போட்டு விடையைச் சரிபார்க்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தம்பியின் வீட்டுப்பாடத்தில் உள்ளே 1/(எக்ஸ் − 1), வெளியே 1/எக்ஸ். சுருக்கினால் எக்ஸ் − 1. மதிப்பகத்தில் 1 கிடையாது. சுருக்காத வடிவத்தையே ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதி 1-ஐக் கொடுத்தேன். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் 0 என்றது. இன்னொரு நிரல்மொழியான பைத்தானோ பூஜ்ஜியத்தால் வகுக்கமுடியாது என்று பிழை காட்டி நின்றுவிட்டது. கணினிகள் தசம எண்களைக் கணக்கிடும் முறைக்கென 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரவிதியின்படி 1/0 முடிவிலி, 1/முடிவிலி 0. ஜாவாஸ்கிரிப்ட் அந்த வழியில் போகிறது. தம்பி அந்த 0-வைக் காட்டி என்னிடம் அரைமணி நேரம் வாதாடினான்.

*

என் பங்குக்கு, நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் மதிப்பகம் காணச் சொல்லி எங்களுக்குக் கொடுத்த ஒன்று: மடக்கை(சைன் எக்ஸ் − 1). மடக்கை என்பது லாக். ஆளாளுக்கு இடைவெளிகளைப் பக்கம் பக்கமாக எழுதினோம். சைன் 1-ஐத் தாண்டாது. எனவே உள்ளே வருவது 0 அல்லது குறை எண். மடக்கைக்கு மிகை எண்தான் வேண்டும். மதிப்பகம் வெற்றுக்கணம்! தேர்வில் அப்படி எழுத யாருக்குத்தான் துணிச்சல் வரும்? வரிசையை மாற்றி, சைன்(மடக்கை எக்ஸ்) − 1 என்று வைத்தால் எல்லா மிகை எண்ணும் உள்ளே வந்துவிடுகிறது.