இன்னும், இப்பதான், ஏற்கனவே: புதிதாக வெளிநாடு போனவர்களுக்கு

உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்த பிள்ளை ஒருத்தி இங்கிலாந்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. நான் விடுமுறையில் திருகோணமலைக்கு வந்திருப்பது தெரிந்து போன கிழமை அழைத்தாள். "அக்கா, அவை கதைக்கிறது விளங்குது. ஆனா யெட், ஆல்ரெடி, ஜஸ்ட் எண்டு சின்னச் சொல்லுகள் வந்தா ஓம் சொல்லுறதா இல்லை சொல்லுறதா எண்டே தெரியேல்லை" என்றாள். யெட் என்றால் இன்னும், ஆல்ரெடி என்றால் ஏற்கனவே, ஜஸ்ட் என்றால் இப்பதான். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் பலர் இருப்பீர்கள்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நானும் இதே வேலைக்குத்தான் போனேன். சேர்ந்து மூன்றாவது கிழமை, இரவு வேலைக்கு வந்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம். ஒரு பாட்டிக்கு முழங்கால் உளைவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. இரவுத் தாதி என்னிடம் கேட்டார்: "ஹேஸன்ட் ஷீ ஹேட் ஹெர் டேப்லட்ஸ் யெட்?" பாட்டி மாத்திரை எடுக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். "யெஸ்" என்றேன். "இன்னும் மருந்து எடுக்கேல்லையோ?" என்று வீட்டில் கேட்டால் "ஓம், எடுக்கேல்லை" என்றுதானே சொல்லுவோம்? அந்த "ஓம்"தான் என் வாயில் "யெஸ்" ஆக வந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் "எடுத்துவிட்டார்" என்பது. தாதி அடுத்த அறைக்குப் போய்விட்டார். மருந்துப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை என்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் பாட்டி உளைவோடு படுத்திருந்தார். அதை நினைத்தால் இப்பவும் எனக்கு மனம் கனக்கும்.

மறுபக்கமாகப் பிழை நடந்திருந்தால் இன்னும் மோசம். நாம் பனடோல் என்று சொல்லும் பரசிட்டமோலையே எடுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் 4 மணி நேரமாவது போக வேண்டும். "ஆல்ரெடி" என்ற ஒரு சொல் காதில் விழாமல் போனால் இரண்டு தரம் கொடுத்துவிடலாம். அதனால் வெறும் யெஸ், வெறும் நோ வேண்டாம். முழுதாகச் சொல்லுங்கள்: "நோ, ஷீ ஹேஸன்ட். நாட் யெட்." அல்லது "யெஸ், ஷீ ஹேஸ் ஆல்ரெடி ஹேட் தெம்." கொஞ்சம் நீளம்தான், ஆனால் கேட்டவருக்குச் சந்தேகம் இருக்காது.

சரி, இந்தச் சொற்கள் எல்லாம் ஏன் "ஹேவ்", "ஹேஸ்" கூடவே வருகின்றன? பள்ளிக்கூடத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று அட்டவணை போட்டுப் படித்தோம், பரீட்சையோடு மறந்தோம். அந்த அட்டவணையை விடுங்கள். நம் தமிழிலேயே இது இருக்கிறது.

"கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஓம், போயிருக்கிறேன். ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்திருக்கிறேன்" என்கிறீர்கள். எப்போது என்ற பேச்சே இல்லை. போன அனுபவம் இருக்கிறது, அவ்வளவுதான். "எப்ப போனீங்கள்?" என்று கேட்டவுடன் "போன தை மாதம் போனேன்" என்று மாற்றிவிடுகிறீர்கள். யாரும் சொல்லித் தராமலே செய்கிறீர்கள். ஆங்கிலமும் இதைத்தான் செய்கிறது: "ஹேவ் யூ எவர் பீன் டு கன்னியா?" "யெஸ், ஐ ஹேவ். ஐ வென்ட் லாஸ்ட் ஜனுவரி." காலம் சொல்லாதவரை ஹேவ், காலத்தைச் சொன்னதும் வென்ட்.

ஆனால் ஒரு இடத்தில் தமிழ் நம்மைக் காலை வாரிவிடும். "நேற்று இரவு மழை பெய்திருக்கிறது" என்பது நல்ல தமிழ். முற்றம் நனைந்திருப்பதைப் பார்த்துச் சொல்வோம். அதை அப்படியே "இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" என்றால் பிழை. நேற்று, போன கிழமை, 2009இல் என்று முடிந்துபோன காலத்தைச் சொன்னால் ஹேவ், ஹேஸ் வராது. கிண்ணியாப் பாலத்தை வைத்து ஞாபகம் வையுங்கள். "த ப்ரிட்ஜ் ஓபன்ட் இன் 2009": திறந்தது அந்த ஆண்டோடு முடிந்த கதை. "பீப்பிள் ஹேவ் யூஸ்ட் இட் சின்ஸ் 2009": அன்று தொடங்கி இன்றைக்கும் சனம் அதில்தான் போகிறது. பாலம் ஒன்று, ஆண்டும் ஒன்று, வினை மட்டும் இரண்டு விதம்.

"எவர்" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விசாப் படிவங்களில் "ஹேவ் யூ எவர் பீன் ரெஃபியூஸ்ட் எ விசா?" என்ற மாதிரிக் கேள்வி வரும். எவர் என்றால் உங்கள் வாழ்க்கை முழுவதிலும் எப்போதாவது ஒரு தடவை என்று பொருள். பத்து வருடத்துக்கு முன் மறுத்திருந்தாலும் அது ஓம்தான். கேள்வியில் எந்த நாடு என்று குறித்திருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள். மறைத்ததாக எடுத்துக்கொண்டால் பிறகு பெரிய சிக்கல்.

அப்புறம் "சின்ஸ்", "ஃபோர்". நம்மவர்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான். "இரண்டு மாதமாக இங்கே இருக்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால் "ஐ ஆம் ஹியர் ஃபோர் டூ மன்த்ஸ்" என்று வந்துவிடும். கேட்பவருக்கு அது "மொத்தமாக இரண்டு மாதம்தான் இருப்பேன்" என்று படும். வீடு வாடகைக்குக் கேட்கப் போன இடத்தில் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபோர் டூ மன்த்ஸ்" என்று சொல்லுங்கள். எவ்வளவு காலம் என்றால் ஃபோர், எப்போதிருந்து என்றால் சின்ஸ். மருத்துவர் "ஹௌ லாங் ஹேவ் யூ ஹேட் திஸ் பெய்ன்?" என்று கேட்டால் "ஃபோர் த்ரீ டேஸ்" அல்லது "சின்ஸ் சண்டே". "சின்ஸ் த்ரீ டேஸ்" என்று இரண்டையும் கலக்க வேண்டாம்.

சொற்கள் நிற்கும் இடம் பெரிய விஷயமில்லை, பழகிவிடும். ஜஸ்ட், எவர், நெவர் எல்லாம் ஹேவுக்குப் பிறகு, முக்கிய வினைக்கு முன். யெட் கடைசியில். ஆல்ரெடி நடுவிலும் வரும், வியப்பாகக் கேட்டால் கடைசியிலும் வரும்: "ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?" என்றால் "அதுக்குள்ள முடிச்சிட்டியோ!" என்ற தொனி. குற்றம் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

"ஸ்டில்" ஹேவன்டுக்கு முன்னால் வரும், அதில் ஒரு அழுத்தம் உண்டு. வங்கி அட்டை வராமல் மூன்றாம் தரம் அழைக்கும்போது "ஐ ஸ்டில் ஹேவன்ட் ரிசீவ்ட் மை கார்ட்" என்று சொல்லுங்கள். சத்தம் போடாமலே, நீங்கள் காத்துக் களைத்துவிட்டீர்கள் என்பது அவர்களுக்குப் போய்ச் சேரும். முதல் தரம் அழைக்கும்போது யெட் போதும்.

காதுக்கும் ஒன்று. அவர்கள் "ஐ ஹேவ் ஜஸ்ட்" என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். "ஐவ் ஜஸ்ட்" என்று வரும், அந்த "வ்" பாதி நேரம் கேட்காது. "ஷீ ஹேஸ் கான்" என்பது "ஷீஸ் கான்" ஆகும். அதனால் ஹேவைத் தேடிக் காதைத் தீட்டாதீர்கள். ஜஸ்ட், யெட், ஆல்ரெடி இவற்றைப் பிடியுங்கள். அவை தெளிவாகக் கேட்கும்.

கனடாவில் இருந்து ஒரு தம்பி கீழே கேட்டிருக்கிறார்: "அக்கா, இங்க எல்லாரும் டிட் யூ ஈட் யெட், ஐ ஆல்ரெடி ஏட் எண்டுதானே கதைக்கினம்?" உண்மைதான் தம்பி. அமெரிக்கப் பேச்சில் அது வழக்கம், கனடாவில் இரண்டும் காதில் விழும். அங்கே அப்படியே கதையுங்கள், பிழை இல்லை. பிரித்தானியாவில் ஹேவோடு சொல்வதுதான் இயல்பாக இருக்கும்.

இன்னொரு தங்கச்சி "இப்பதான் பார்த்தேன்" என்பதை "ஜஸ்ட் நவ்" என்று சொல்லலாமா என்று கேட்கிறார். சொல்லலாம், ஆனால் ஜஸ்ட் நவ் வந்தால் ஹேவ் வேண்டாம்: "ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்." ஜஸ்ட் தனியாக வந்தால் "ஐ ஹேவ் ஜஸ்ட் சீன் ஹிம்."

பீன், கான் வித்தியாசம் கேட்டவருக்கு: அம்மா இப்போது கோணேசர் கோயிலில் நிற்கிறார், வீட்டில் இல்லை என்றால் "ஷீ ஹேஸ் கான் டு த டெம்பிள்." போய்த் திரும்பி வந்து அடுப்படியில் நிற்கிறார் என்றால் "ஷீ ஹேஸ் பீன் டு த டெம்பிள்." வேலையிடத்தில் ஒருவரை "ஹீ ஹேஸ் கான்" என்று சொன்னால், தேடி வந்தவர் காத்திருக்காமல் திரும்பிவிடுவார். பார்த்துச் சொல்லுங்கள்.

நாளை இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறேன். அதுவரை நேரம் இருக்கிறது. வேலையிடத்தில் உங்களுக்கு விளங்காமல் போன வசனம் ஏதாவது இருந்தால், கேட்டது கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதிப் போடுங்கள்.