ஐந்தாவது படிக்கு ஒரு ஆள் தேவை

அண்ணைமார், அக்காமாருக்கு வணக்கம். சுன்னாகப் பக்கம் இருக்கிறேன். வருகிற வெள்ளியோடு குடியை விட்டு 11 மாதம். தவறணைக் கள்ளில் தொடங்கி, கடைசியில் பல் தீட்ட முதலே சாராயம் தேடுகிற நிலை. திடீரென்று நிறுத்தப் போய் வலிப்பு வந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் நின்றுதான் விட்டேன். (நீங்களும் விடுவதென்றால் டொக்டரிடம் கேட்டு விடுங்கள்.)

இப்போது 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏயின் (Alcoholics Anonymous, குடியை விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு) 12 படிகளைப் பார்த்து நடக்கிறேன். நாலாவதில், செய்த பிழைகளை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதினேன். 23 பக்கம். மனுசியின் சங்கிலியை அடகு வைத்த கதை மட்டும் இரண்டு பக்கம். ஐந்தாவதில் நிற்கிறேன். கடவுளிடமும் தன்னிடமும் ஒப்புக்கொண்டால் போதாது, இன்னொரு மனிதரிடமும் சொல்ல வேண்டும். சந்நிதி முருகனிடம் சொல்லியாயிற்று. அவர் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை, சுகமாக இருந்தது. மனிதர் என்றதும் தொண்டை அடைக்கிறது. மனுசியிடம் வாசிக்க ஏலாது, அவள் பட்டது காணும்.

குடியை விட்டு மூன்று நாலு வருசமாவது ஆன ஒருவர் ஒரு பின்னேரம் இருந்து கேட்பீர்களா? தொண்டைமானாற்றங்கரையில் இருக்கலாம், பிளேன்டீ என் செலவு. நீங்கள் யாரிடம் சொன்னீர்கள், சொன்ன அன்றிரவு நித்திரை வந்ததா என்றும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் தமிழில் ஏஏ கூட்டம் நடக்கிற இடம் தெரிந்தால் நாள், நேரத்தோடு உள்பெட்டியில் போடுங்கள். சைக்கிள் ஓடுகிற தூரமென்றால் நல்லது.