யூஸ்நெட்டைக் கைவிட்ட இணைய நிறுவனங்களும் பழைய வரி விவாதங்களும்

சட்டமாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வருமான வரியே சட்டப்படி செல்லாது என்று வாதிடுவோரின் கருத்துகள் எப்படிப் பரவின, நீதிமன்றங்களில் திரும்பத் திரும்பத் தோற்ற பிறகும் எப்படி உயிரோடிருக்கின்றன என்பது குறித்து ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன். தீர்ப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த வாதங்களைச் சாதாரண மக்கள் தங்களுக்குள் மோதவிட்டுப் பார்த்த இடம், யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையமைப்பில் வரி குறித்துப் பேசிய மிஸ்க்.டாக்சஸ் செய்திக்குழு. அதன் பழைய இழைகளில், அதாவது உரையாடல் தொடர்களில், கேள்வி இருந்தால் பதில் இல்லை, பதில் இருந்தால் அது எதற்கான பதில் என்று தெரியவில்லை. அமெரிக்க இணையச் சேவை நிறுவனங்கள் இந்தக் குழுக்களை ஏன் ஒட்டுமொத்தமாகக் கைவிட்டன? வெறும் எழுத்து மட்டுமே இருந்த குழுக்களையும் சேர்த்து நிறுத்த வேண்டிய தேவை என்ன? அவையெல்லாம் வாய்ச்சண்டை, ஆய்வுக்கு உதவாது என்கிறார் என் நெறியாளர். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழையசர்வர் எழுதியது:

வணக்கம் அம்மா. அமெரிக்காவில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் செய்திச் சர்வர்களைப் பராமரித்தவன் என்ற முறையில் முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறேன்.

1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யூஸ்நெட்டைத் திட்டமிட்டபோது அதற்கு மையம் என்று ஒன்றை வைக்கவில்லை. ஒருவர் எழுதுவது அவருடைய நிறுவனத்தின் சர்வரில் விழும், அங்கிருந்து அண்டைச் சர்வருக்கு நகல் போகும், அது அடுத்ததற்கு அனுப்பும். ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இடம் நிறைந்ததும் பழையதை அழித்துவிடும். ஆகவே இன்று நமக்குக் கிடைப்பது யாரோ ஒருவர் அக்கறையோடு எடுத்துவைத்த பிரதி மட்டுமே. அவருடைய சர்வருக்கு வந்து சேராத பதிவு அதில் இருக்காது.

செலவைப் பொறுத்தவரை, எழுத்துக் குழுக்கள் ஒரு பொருட்டே அல்ல. படங்களையும் திரைப்படங்களையும் மென்பொருள்களையும் எழுத்துக் குறிகளாக மாற்றித் துண்டு துண்டாக ஏற்றிய ஆல்ட்.பைனரீஸ் குழுக்கள்தாம் நாள்தோறும் டெராபைட் கணக்கில் வட்டையும் அலைவரிசையையும் விழுங்கின. ஏ.ஓ.எல். நிறுவனம் 2005-லேயே செய்திக்குழுச் சேவையை நிறுத்திவிட்டது. மற்றவர்களுக்கு 2008 ஜூனில் ஒரு காரணம் கிடைத்தது. அப்போது நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ குவோமோ, 88 செய்திக்குழுக்களில் சிறார் பாலியல் கொடுமைப் படங்கள் இருப்பதாகக் கண்டறிந்து, வெரிசான், டைம் வார்னர் கேபிள், ஸ்பிரின்ட் ஆகிய நிறுவனங்களுடன் உடன்பாடு கண்டார். அந்தக் குழுக்களை அகற்றியதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. ஆனால் நிறுவனங்கள் 88 குழுக்களோடு நிற்கவில்லை. ஸ்பிரின்ட் ஆல்ட் பிரிவு முழுவதையும் நீக்கியது. டைம் வார்னர் கேபிள் எல்லாக் குழுக்களையும் மூடியது. வெரிசான் எட்டு முதன்மைப் பிரிவுகளை மட்டும் விட்டுவைத்தது. மிஸ்க் அந்த எட்டில் ஒன்று என்பதால், வெரிசான் வாடிக்கையாளர் 2009 செப்டம்பர் வரை மிஸ்க்.டாக்சஸ் படிக்க முடிந்தது. பக்கத்து வீட்டில் டைம் வார்னர் இணைப்பு வைத்திருந்தவருக்கு ஓர் ஆண்டுக்கு முன்பே, கூடுதல் பணம் கட்டி வேறிடத்தில் கணக்குத் தொடங்கினால் தவிர, அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. காம்காஸ்ட் 2008-இலும், ஏ.டி. அண்டு டி. 2009-இலும், காக்ஸ் 2010-இலும் நிறுத்தின. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 மே 20 அன்று தன் சர்வரை அணைத்தது.

பைனரிக் குழுக்களை மட்டும் வெட்டிவிட்டு எழுத்துக் குழுக்களை ஒரே ஒரு பழைய இயந்திரத்தில் ஓடவிட்டிருக்கலாம். தொழில்நுட்பத்தில் அதற்குத் தடையே இல்லை. அதற்காக வாதாட நிறுவனத்துக்குள் ஆளில்லை என்பதே உண்மை, அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

வரிப்படிவம் எழுதியது:

நியூஜெர்சியில் வரிப் படிவங்கள் தயாரிக்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் நெறியாளரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒஹையோ 1803-இல் மாநிலமானது, ஆனால் அதற்கான முறையான தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1953-இல்தான் பின்தேதியிட்டு நிறைவேற்றியது. ஆகவே 1913-இல் ஒஹையோ ஒரு மாநிலமே அல்ல, அது ஒப்புதல் தந்த பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தமும் செல்லாது, திருத்தம் செல்லாவிட்டால் வருமான வரியும் செல்லாது என்பது வரி மறுப்பாளர்களின் புகழ்பெற்ற வாதம். தனியாகப் படித்தால் எவருக்கும் ஒரு கணம் தலைசுற்றும். யூஸ்நெட்டில் அதைத் தனியாகப் படிக்க முடியாது. மறுப்பவர் அந்தப் பதிவை வரிவரியாக மேற்கோள் குறியிட்டு இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விடை எழுதுவார்: அன்று இருந்த 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தந்தாலே போதும், இறுதியில் தந்தவை 42, ஒஹையோவைக் கழித்தாலும் 41 மிஞ்சும். பொய்யும் அதற்கான மறுப்பும் ஒரே பக்கத்தில் நிற்கும். இன்று அதே ஒஹையோ வாதம் ஒரு காணொளியாக வருகிறது, மறுப்பு வேறெங்கோ கிடக்கிறது, பார்ப்பவர் அதைத் தேடிப் போவதில்லை.

இதில் சிக்கிக்கொண்டவர்களின் இழப்பு சிறியதன்று. வருமான வரிச் சட்டத்தின் 861-ஆம் பிரிவைக் காட்டி, உள்நாட்டில் ஈட்டும் ஊதியத்துக்கு வரியே கிடையாது என்ற வாதத்தை நம்பிய நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸ், பெருங்குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டபோதும், படிவம் தாக்கல் செய்யாத குற்றத்துக்காக 2008-இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இத்தகைய அடிப்படையற்ற வாதங்களோடு படிவம் அனுப்புவோருக்கான அபராதத்தை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 500 டாலரிலிருந்து 5,000 டாலராக உயர்த்தியது.

சட்டம் பயில்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஜான் சீக் என்ற விமானியின் வரி வழக்கில் 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வரி கட்டத் தேவையில்லை என்று ஒருவர் உண்மையாகவே நம்பினால், அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்தாததாக இருந்தாலும், வேண்டுமென்றே குற்றம் செய்தார் என்ற கூறு நிறுவப்படாது என்று தீர்ப்பளித்தது. சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்ற நம்பிக்கைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சீக் மறுவிசாரணையில் தண்டனை பெற்றார் என்பது தனிக்கதை. இந்த வேறுபாட்டை முன்வைத்துப் பார்த்தால், ஒருவர் என்ன நம்பினார், எந்த மறுப்பைப் படித்த பிறகும் அதைத் தொடர்ந்து நம்பினார் என்பதைத் தேதியோடு காட்டும் உரையாடல் உங்கள் ஆய்வின் நடுப்பகுதியாகவே அமையலாம்.

மட்டுறுத்தப்பட்ட, அதாவது பதிவுகளைச் சரிபார்த்த பிறகே வெளியிட்ட, மிஸ்க்.டாக்சஸ்.மாடரேட்டட் குழுவையும் விட்டுவிடாதீர்கள். அங்கே சண்டை குறைவு, கேள்வியும் பதிலும் அதிகம். மாணவனாக அமெரிக்கா வந்த புதிதில், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி இந்திய மாணவர்கள் வெளிநாட்டவருக்கான 1040என்.ஆர். வரிப் படிவத்திலும் நிலையான கழிவை (வருமானத்திலிருந்து வரியின்றிக் கழிக்கும் குறிப்பிட்ட தொகையை) கோரலாம் என்பதை அப்படிப்பட்ட உரையாடல் ஒன்றில்தான் படித்தேன். பிற வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை கிடையாது. என்னோடு தங்கியிருந்த தமிழ் மாணவர்கள் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மறுபக்கம் எழுதியது:

மேலே எழுதிய இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு, எனினும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நிறுவனங்கள் நிறுத்துவதற்கு வெகு முன்பே எரிதங்கள் (ஸ்பேம்) பல குழுக்களை மூழ்கடித்துவிட்டன, பொறுமையாக விடையளித்தவர்களில் பலரும் வெளியேறிவிட்டார்கள். மிகச் சிலரே பயன்படுத்தும் ஒரு சேவையை நிறுவனம் என்றென்றைக்கும் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

அதைவிட முக்கியமானது, எழுதியவர்களின் நிலை. சில வாரங்களில் அழிந்துவிடும் என்று நம்பி, சொந்தப் பெயரிலும் அலுவலக மின்னஞ்சலிலும் தங்கள் வருமானம், கடன், மணமுறிவு, வரி நிலுவை எல்லாவற்றையும் எழுதியவர்கள் அவர்கள். 1995-இல் டீஜா நியூஸ் என்ற தேடுதளம் எல்லாவற்றையும் சேமித்துத் தேடத் தரத் தொடங்கியபோது அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சேமிக்க வேண்டாம் என்று பதிவின் தலைப்பகுதியில் குறிப்பிடும் வழக்கம் பரவியதே அந்த அச்சத்தால்தான். விடுபட்டுள்ள பதிவுகளில் சில, எழுதியவரே விரும்பி விலக்கியவையாக இருக்கலாம். அவற்றைத் தோண்டி எடுக்கும் முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

சட்டமாணவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுபக்கம் அவர்கள் சொன்னதை ஏற்று, நீதிமன்றத்தில் பெயர் வெளிவந்தவர்களைத் தவிர வேறு எவருடைய பெயரையும் கட்டுரையில் குறிப்பிடப் போவதில்லை. பழையசர்வர் ஐயாவிடம் ஒரு கேள்வி: விடுபட்ட இழைகளை ஓரளவாவது மீட்க வழி உண்டா?

பழையசர்வர் எழுதியது:

உண்டு அம்மா. பழைய பதிவுகளைத் தேடித் தரும் கூகுள் குரூப்ஸ் தளம் 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டின் புதிய பதிவுகளைப் பெறுவதை நிறுத்திவிட்டது, ஆனால் அதற்கு முந்தைய பதிவுகளை அங்கே இன்றும் தேடலாம். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் குழுவாரியாகத் தொகுத்த கோப்புகள் உள்ளன, முதலில் மிஸ்க்.டாக்சஸ் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் அதற்கே உரிய அடையாள எண் ஒன்றும், அது எந்தெந்தப் பதிவுகளுக்கு மறுமொழி என்று காட்டும் எண்களின் வரிசையும் இருக்கும். அவற்றை அட்டவணையாக அடுக்கினால் எந்தப் பதிவு காணவில்லை என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். காணாமல் போன பதிவின் பெரும்பகுதி அதற்கு விடையளித்தவர்களின் மேற்கோள்களில் கிடைக்கும். வரி மறுப்பாளர்கள் ஒரே பதிவைப் பல குழுக்களுக்கு ஒருசேர அனுப்பும் பழக்கம் உடையவர்கள் என்பதால், மிஸ்க்.லீகல் கோப்பிலும் அதே எண்ணைத் தேடிப் பாருங்கள். சேமிக்க வேண்டாம் என்று எழுதியவரே குறிப்பிட்டிருந்தால், மேற்கோளிலிருந்தும் அதை மீட்காமல் விட்டுவிடுவது நல்லது.