அண்ணன் ஆஸ்பத்திரியில், லாகின் எல்லாம் டைரியில்: பாஸ்வேர்டு பகிர்ந்த அனுபவங்கள்

திருப்பூர் பிரிண்டிங்:

போன ஐப்பசியில் அண்ணனுக்கு பைக் விபத்து. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரி. எங்களுடையது பனியன் துணிக்குப் பிரிண்டிங் போடும் சின்ன யூனிட். மிஷின் பக்கம் நான், கணக்கு வழக்கு முழுக்க அண்ணன். ஜிஎஸ்டி, ஈ-வே பில், பிஎஃப், இஎஸ்ஐ, கரண்ட் பில் எல்லா லாகினும் அவரிடம்தான். அவர் மயக்கத்தில் இருந்த அன்று மத்தியானம் லோடு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது. சரக்கு கிளம்ப ஆன்லைனில் ஈ-வே பில் போட்டாக வேண்டும், அதற்கு எனக்கு யூசர்நேம்கூடத் தெரியாது.

அண்ணி வீட்டிலிருந்து அவருடைய டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டுகள். முருகன்@2019 என்று எழுதி அடித்து, பக்கத்தில் முருகன்@2020, அதையும் அடித்து முருகன்@2021. எந்த வரி எந்தத் தளத்துக்கு என்று இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் 'பே' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். பேங்கா, பேமெண்ட்டா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், கணக்கு லாக் ஆகிவிட்டது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து "அண்ணே, இருக்கட்டுமா, கிளம்பட்டுமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணன் போன் கண்ணாடி நொறுங்கி, அணைந்து கிடந்தது. அண்ணியின் கம்மல் கம்பியால் குத்தி சிம்மை வெளியே எடுத்து என் போனில் போட்டேன். ஓடிபி வந்தது. அதை வைத்து ஒவ்வொரு தளத்திலும் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுத்து உள்ளே போனேன். வண்டி ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பியது. ஜிமெயில் மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. அதற்கு ஆறு இலக்க எண் தரும் ஆப் அந்த உடைந்த போனுக்குள்ளேயே இருந்தது, பார்ட்டிகள் அனுப்பிய டிசைன் எல்லாம் அந்த மெயிலில். மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் 20ஆம் தேதியைத் தாண்டி நான்கு நாள் தள்ளிப்போனது. லேட் ஃபீ நாளுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி தனி.

அண்ணன் எழுந்து உட்கார ஆரம்பித்ததும் இருவரும் பிட்வார்டன் போட்டோம். பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரே பூட்டிய பெட்டகத்தில் வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் ஆப், ஓப்பன் சோர்ஸ். இலவசக் கணக்கிலேயே இரண்டு பேர் சேர்ந்து 'ஆர்கனைசேஷன்' என்று ஒரு பொதுப் பெட்டகம் வைத்துக்கொள்ளலாம். யூனிட்டின் லாகின் எல்லாம் அதற்குள். அவர் ஒன்றை மாற்றினால் என் போனிலும் மாறிவிடும். சொந்த மெயில், சொந்த பேங்க் அவரவர் பெட்டகத்தில். போன் இல்லாதபோது ஜிமெயிலைத் திறக்க உதவும் ரெக்கவரி கோடுகளை அச்செடுத்து பீரோவில் வைத்தோம். ஓடிபி வரும் அந்த சிம் இப்போது ஆபீஸ் மேஜையில் ஒரு பட்டன் போனில் இருக்கிறது. பாஸ்வேர்டை மட்டும் பகிர்ந்து, ஓடிபி ஒருவர் சட்டைப்பையில் இருந்தால் பாதிக் கதவுதான் திறக்கும்.

ஆடிட்டருக்குப் பாஸ்வேர்டு அனுப்ப வேண்டியிருந்தால் 'சென்ட்' என்று அதிலேயே ஒரு வசதி. ஒரு தடவை மட்டும் திறக்கிற மாதிரி, ஒரு நாளில் அழிந்துவிடுகிற மாதிரி லிங்க் போகும். முன்பெல்லாம் வாட்ஸ்அப்தான். தேடிப் பார்த்தபோது மூன்று வருஷத்துப் பாஸ்வேர்டுகள் அந்த உரையாடலில் அப்படியே கிடந்தன, உட்கார்ந்து அழித்தேன்.

உங்கள் வீட்டில், தொழிலில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள்.

ஈரோடு அக்கவுண்ட்ஸ்:

அண்ணா, நான் அந்த வாட்ஸ்அப்பின் மறுமுனையில் இருந்தவள். ஆறு வருஷம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இருநூறு கிளையண்டுக்கு மேல். எல்லாருடைய ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ், டிடிஎஸ் லாகினும் ஒரே எக்செல் ஷீட்டில். 'பாஸ்வேர்டு நியூ', 'பாஸ்வேர்டு நியூ ஃபைனல்' என்று ஐந்து காப்பி, ஐந்து கம்ப்யூட்டரில். கிளையண்ட் அவர் பாட்டுக்கு மாற்றிவிடுவார், நமக்குத் தெரியாது. கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் உள்ளே போகவில்லை என்று தெரியும். அவரைப் போனில் பிடித்தால் கல்யாண மண்டபத்தில் இருப்பார்.

கூட வேலை பார்த்த ஒருவர் மனக்கசப்போடு வேலையை விட்டுப் போனார். அவர் எதுவும் செய்யவில்லை, ஆனால் இருநூறு பேரின் சாவி அவர் பென்டிரைவில் போயிருக்கலாம் என்ற பயத்தில் எங்களுக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. அத்தனையையும் மாற்ற மூன்று வாரம் ஆனது. அதன் பிறகுதான் பாஸ்வேர்டு மேனேஜருக்கு வந்தோம். கிளையண்ட் வாரியாகப் பிரித்து, யார் எதைப் பார்க்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் அனுமதி.

இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'பாஸ்வேர்டை மறைத்து, பயன்படுத்த மட்டும் அனுமதி' என்று ஒரு வசதி இருக்கும். அதை நம்பி இருக்காதீர்கள். கட்டத்துக்குள் நிரம்பிய பாஸ்வேர்டை விஷயம் தெரிந்தவர் பிரவுசரிலேயே எடுத்துவிடலாம். ஆள் போனால் அனுமதியை நீக்குவதோடு பாஸ்வேர்டையும் மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம், எதையும் பகிர்வதற்கு முன் பகிராமல் முடியுமா என்று பாருங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு ஜிஎஸ்டி பிராக்டிஷனரை இணைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அவர் தன் சொந்த லாகினில் நுழைந்து உங்கள் ரிட்டர்னைத் தயார் செய்யலாம். கரண்ட் அக்கவுண்டுக்கு கார்ப்பரேட் நெட்பேங்கிங் கேட்டால் ஒருவர் பணப்பரிமாற்றத்தைப் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தர, இரண்டு ஐடி கிடைக்கும். அண்ணன் தம்பி இருவருக்கும் அதுதான் சரி. மேனேஜர் உருவாக்கித் தரும் 24 எழுத்துப் பாஸ்வேர்டை ஜிஎஸ்டி ஏற்காது. அங்கே 8 முதல் 15 எழுத்துதான், அளவைக் குறைத்து உருவாக்குங்கள்.

நாகர்கோவில் ஓய்வு ஆசிரியர்:

எனக்கு வயது 68. மகன் துபாயிலிருந்து ஊருக்கு வந்தபோது போனில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போட்டுக் கொடுத்தான். பாஸ்வேர்டுக் கட்டத்தைத் தொட்டால் கீழே பேங்க் பெயர் வரும், அதைத் தொட்டால் தானே நிரம்பும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சென்ற மாசி மாதம் ஒரு குறுஞ்செய்தி. கேஒய்சி முடிக்கவில்லை, இன்று இரவோடு கணக்கு முடக்கம் என்று. லிங்க்கைத் தொட்டேன். பேங்க் பக்கம் அப்படியே வந்தது, அதே நிறம், அதே சின்னம். கட்டத்தைத் தொட்டேன், கீழே ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டேன். சரி, ஆப் பழுது என்று நினைத்து மகனைக் கூப்பிட்டேன். "அப்பா, முதல்ல அந்தப் பக்கத்தை மூடுங்க" என்றான். முகவரியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்ததாம். என் கண் சின்னத்தைப் பார்த்தது, ஆப் முகவரியைப் பார்த்தது. பென்ஷன் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அது நிரப்ப மறுத்தால் நானாக டைப் செய்யக்கூடாது என்று இப்போது மனைவிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தஞ்சாவூர் கீபாஸ்:

மேனேஜரையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு பற்றி என் அனுபவம். நான் வைத்திருப்பது கீபாஸ், எல்லாப் பாஸ்வேர்டும் என் கையில் உள்ள ஒரு கோப்பில் இருக்கும். அகராதியைக் கண்ணை மூடித் திறந்து ஆறு தமிழ்ச் சொற்கள் எடுத்தேன். ஆங்கில எழுத்தில் டைப் செய்து வைத்தேன். நீளமானது, யாரும் ஊகிக்க முடியாதது. இரண்டு மாதம் கைரேகையிலேயே திறந்துகொண்டிருந்தேன். போன் மாற்றிய அன்று கேட்டது. சொற்கள் ஆறும் நினைவிருக்கின்றன. 'தாழ்வாரம்' என்பதில் ழகரத்துக்கு இசட்-எச் போட்டேனா, எல் போட்டேனா? நெடிலுக்கு ஏ ஒன்றா இரண்டா? ஒரு ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிப் போட்டு, விடியற்காலையில் திறந்தது. இது தெரியாமல் போயிருந்தால் கேட்பதற்கு யாரும் இல்லை. அந்தக் கோப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆன்லைன் மேனேஜர்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான், மாஸ்டர் பாஸ்வேர்டு நிறுவனத்திடமே இருக்காது. ழ, ள, ண வராத சொற்களாக எடுங்கள். எழுத்துக்கூட்டலோடு ஒரு தாளில் எழுதி நகைப் பெட்டியில் வையுங்கள்.

மதுரை மருந்துக்கடை:

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, அதுவே திருடு போனால்? 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரில் நடந்ததே. அதனால்தான் நான் இன்னும் நோட்டில்.

சென்னை சிஸ்டம்ஸ்:

சார், நியாயமான பயம்தான். அந்த ஆகஸ்டில் உள்ளே புகுந்தார்கள். வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே போய்விட்டன என்று டிசம்பரில் நிறுவனமே சொன்னது. பாஸ்வேர்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன, தள முகவரிகள் அப்படி இல்லை. யார் எந்த பேங்கில் இருக்கிறார் என்பது திருடியவனுக்குத் தெரியும். பெட்டகத்தைத் திறக்க அவன் மாஸ்டர் பாஸ்வேர்டை ஊகித்தாக வேண்டும். நீளமாக வைத்தவர்களுக்கு அவகாசம் கிடைத்தது, பெயரும் பிறந்த வருஷமும் வைத்தவர்களுக்கு இல்லை. நான் அன்றைக்கு மேனேஜரை மாற்றினேன், பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளையும் மாற்றினேன். நோட்டு தப்பில்லை சார், பூட்டிய டிராயரில் இருந்தால். ஆனால் நோட்டு வைத்திருப்பவர்கள் பத்து தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைத்தான் பார்க்கிறேன். ஒரு ஷாப்பிங் தளத்தில் கசிந்தது மெயிலையும் திறந்துவிடும். அந்த மெயில் பாஸ்வேர்டு ஒன்றையாவது இன்றைக்கு மாற்றுங்கள்.

திருப்பூர் பிரிண்டிங்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி பேங்கில் இரண்டாவது ஐடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் பிட்வார்டனில் கட்டணக் கணக்குக்கு மாறி 'எமர்ஜென்சி ஆக்சஸ்' போட்டிருக்கிறார். அண்ணி கேட்டால் அண்ணனுக்கு மெயில் போகும், ஏழு நாளுக்குள் அண்ணன் மறுக்காவிட்டால் அவர் பெட்டகம் அண்ணிக்குத் திறக்கும். அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கணக்கும் கேஸ் புக்கிங்கும் இன்னும் அந்த டைரியில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து ஏற்ற வேண்டும்.