ஐரா ஆல்ட்ரிட்ஜ்: லண்டன் அரங்கேற்றம் 1825-லா, 1833-லா?

மேடைவாசி:
ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடக ஒத்திகைக்கு முன்னால் குழுவினருக்கு 19-ஆம் நூற்றாண்டுக் கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். பிறந்தது செனகல் என்கிறது ஒரு கட்டுரை, நியூயார்க் என்கிறது இன்னொன்று. லண்டனில் முதல் மேடைக்கு இரண்டு ஆண்டுகள் சொல்கிறார்கள். எது சரி? எதை அழுத்திச் சொல்லலாம்?

பழையதாள்:
நியூயார்க்தான், 1807 ஜூலை 24. செனகல் அரச வம்சக் கதை, கூட்டம் சேர்க்கப் பரப்பியது. வில்லியம் பிரவுன் 1821-ல் தொடங்கிய கறுப்பின நாடக அரங்கில் பழகிவிட்டு 1824-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இரண்டு ஆண்டுகளும் சரி, அரங்குகள்தான் வேறு. 1825 மே மாதம் கிழக்கு லண்டன் ராயல்டி தியேட்டர். அக்டோபரில் ராயல் கோபர்க், அதாவது இன்றைய ஓல்ட் விக். 1833 ஏப்ரல் 10 அன்று லண்டனின் பெரிய அரங்குகளில் ஒன்றான கோவென்ட் கார்டன். 1825 விளம்பரத் தாள்களில் அவர் பெயர் ‘மிஸ்டர் கீன்’. ஆல்ட்ரிட்ஜ் என்று தேடினால் சிக்காது. அன்றைய புகழ்பெற்ற ஆங்கில நடிகர் எட்மண்ட் கீனோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவும் கூடாது.

திரைச்சீலை:
அந்த எட்மண்ட் கீன் 1833 மார்ச் 25 அன்று ஒத்தெல்லோவாக நடிக்கும்போதே மேடையில் சரிந்தார். அந்த வேடம்தான் ஆல்ட்ரிட்ஜுக்கு வந்தது. அடிமை ஒழிப்புச் சட்டம் பற்றி நாடே சூடாக விவாதித்த நேரம். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவாக நடித்த வெள்ளையின நடிகை எலன் ட்ரீயை அவர் தொட்டு நடித்ததையே ஒரு பத்திரிகை ஆட்சேபித்தது. இரண்டே இரவுகள், முடிந்தது.

பேசுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். அதன் பிறகு 34 ஆண்டுகள் நடித்தார் நண்பரே! 1828-லேயே கவென்ட்ரி நகர அரங்கின் நிர்வாகியாக இருந்தவர். 20 நிமிடத்தில் 1833-க்கு நான்கு போதும்.

வசனப்பிரதி:
திரைச்சீலை சொல்வதை வழிமொழிகிறேன். 1852-ல் தொடங்கிய ஐரோப்பியப் பயணங்கள்தான் உச்சம். உள்ளூர் நடிகர்கள் தங்கள் மொழியில் பேச, இவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். சொல் புரியாத பார்வையாளரை முகமும் குரலும் கொண்டே பிடித்து வைக்க வேண்டும். உங்கள் நடிகர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஒப்பனையையும் விட்டுவிடாதீர்கள். 1858-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரை ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாகப் பார்த்த பிரெஞ்சு எழுத்தாளர் கோத்தியே விவரமாகக் குறித்திருக்கிறார்: புருவம்வரை இறங்கும் தோல்நிறத் தலையுறை, அதில் வெள்ளி முடி, மூக்கில் மெழுகு, கன்னத்தில் கெட்டியான பூச்சு, பெரிய வெண்தாடி. கைகளுக்கு மட்டும் வெள்ளை பூசவில்லை. சட்டைக் கைக்குக் கீழே பழுப்புக் கைகள் அப்படியே தெரிந்தன. வெறித்தனமான நடிப்பை எதிர்பார்த்துப் போனவர், அடக்கமான நடிப்பைக் கண்டதாக எழுதினார். உக்ரைன் கவிஞர் ஷெவ்சென்கோ அவரைப் படமாக வரைந்ததும் அதே 1858-ல்தான்.

மேடைவாசி:
இவ்வளவும் இருந்தும் ஏன் மறந்தார்கள்?

வசனப்பிரதி:
சாதனைக்கான சான்றுகளில் பெரும்பகுதி ஜெர்மன், ரஷ்ய, போலந்து இதழ்களில் கிடக்கிறது. ஆங்கில நாடக வரலாறு எழுதியவர்கள் லண்டன் விமர்சனங்களையே புரட்டினார்கள். ஒலிப்பதிவு வருவதற்கு முன்பே, 1867 ஆகஸ்ட் 7 அன்று, போலந்தின் வூச் நகரில் இறந்தார். கல்லறையும் அங்கேதான்.

பழையதாள்:
ரஷ்யத் தேதி எடுத்தால் கவனம். அன்றைய அவர்கள் நாட்காட்டி 12 நாள் பின்தங்கியது, கூட்டிக்கொள்ளுங்கள்.