இரண்டாம் தவணை "வரவு வைக்கப்பட்டது" என்கிறார்கள், அம்மாவின் கணக்கில் பணம் இல்லை. என்ன செய்வது?

ஓலைவீட்டு மகள்:
எங்கள் அம்மாவுக்குப் பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் (ஊரகம்) வீடு ஒதுக்கினார்கள். பணி ஆணை, பதிவெண் எல்லாம் கையில் இருக்கின்றன. அஸ்திவாரம் முடிந்ததும் முதல் தவணை ஒழுங்காக வந்தது. அதை நம்பிக் கடன் வாங்கி லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு) வரை சுவரை எழுப்பிவிட்டோம். மேற்பார்வையாளர் வந்து படமும் எடுத்துப் போனார். அதன்பிறகு ஏழு வாரமாகியும் இரண்டாம் தவணை வரவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், "உங்கள் கணக்கில் ஏறிவிட்டது, எங்கள் வேலை முடிந்தது" என்கிறார்கள். பாஸ்புத்தகத்தில் வரவுப் பதிவு ஒன்றுகூட இல்லை. செங்கல் சூளைக்காரர் தினமும் போன் செய்கிறார். மழைக்காலத்துக்குள் கூரை போடவில்லையென்றால் சுவர் நனைந்துவிடும். யாராவது வழி சொல்லுங்கள்.

வேலிக்காத்தான்:
இதில் என்ன சந்தேகம்? அமுக்கிவிட்டார்கள். கையில் ஏதாவது கொடுத்தால் நாளைக்கே வரும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடக்கிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அம்மா, அவசரப்பட்டு யாருக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள். முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவன் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் அலுவலகத்தில் இருப்பவர் பணத்தைக் கையால் தொடுவதில்லை. நிதிப் பரிமாற்ற ஆணை இணையத்தில் உருவாகிறது, பணம் நேரே பயனாளியின் வங்கிக்குப் போகிறது. தப்பு செய்கிறவர்கள் வேறு இடங்களில் செய்வார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் "வரவு வைக்கப்பட்டது" என்று காட்டினால், அது ஏதோ ஒரு கணக்கில் போய் விழுந்திருக்கிறது. எந்தக் கணக்கு என்பதுதான் கேள்வி.

முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: அம்மாவிடம் நூறு நாள் வேலை அட்டை இருக்கிறதா? அந்தக் கூலி இப்போதும் வழக்கமான கணக்கில் ஏறுகிறதா?

ஓலைவீட்டு மகள்:
ஐயா, நீங்கள் கேட்டபிறகுதான் அம்மாவிடம் விசாரித்தேன். நூறு நாள் கூலியும் மூன்று முறையாக வரவில்லையாம். "எல்லாருக்கும் பாக்கிதான்" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதால் பேசாமல் இருந்துவிட்டார். இரண்டுக்கும் என்ன தொடர்பு?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தொடர்பு இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் கூலி ஆதார் வழியாகத்தான் போகிறது. வீட்டுத் தவணையையும் இப்போது அப்படித்தான் அனுப்புகிறார்கள். இந்த முறையில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அம்மாவின் ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக்குப் பணம் போய்விடும். நாலு வங்கியில் கணக்கு இருந்தாலும் இந்த இணைப்பு ஒன்றே ஒன்றுதான். புதிதாக ஒன்றில் இணைத்தால் பழையது தானாகக் கழன்றுவிடும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

முதல் தவணை வந்து, இரண்டாவது வராமல், கூலியும் கூடவே நின்றிருக்கிறது. அப்படியென்றால் இடையில் அம்மா எங்கோ ஆதாரைக் கொடுத்துக் கணக்கு திறந்திருக்கிறார். யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஐயா சொல்வது சரியென்றே எனக்கும் படுகிறது. ஊகத்திலேயே நிற்காமல் பார்த்துவிடலாம். ஆதார் இணையதளத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டு உள்ளே நுழையுங்கள். ஆதாரில் பதிவான செல்போனுக்குக் கடவு எண் வரும், அந்தப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வங்கி இணைப்பு நிலை என்றொரு பகுதி இருக்கும். எந்த வங்கி, எந்தத் தேதியில் இணைந்தது என்று காட்டும். அந்தத் தேதி முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் நடுவில் விழுந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

வேலிக்காத்தான்:
சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். கிராமத்தில் கையெழுத்துக்கே திணறும் ஒரு அம்மா இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார்? "எங்கள் வேலை முடிந்தது" என்று சொன்னவர் எந்த வங்கி என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் ஏழு வாரம் மிஞ்சியிருக்கும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அந்தக் கோபம் நியாயம்தான்.

பேரூராட்சிவாசி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் பேரூராட்சியில் இருக்கிறோம். இரண்டு சென்ட் பட்டா நிலம், தகரக் கொட்டகை. எங்களுக்கும் இந்தத் திட்டம் பொருந்துமா? கலைஞரின் கனவு இல்லத்தில் 3.50 லட்சம் தருகிறார்களாமே, அதற்கு எழுதிப் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் கேட்ட இரண்டுமே கிராம ஊராட்சிகளுக்கானவை. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் நகர்ப்புறத் திட்டம்தான். அதன் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. சொந்த நிலத்தில் கட்டுவோர் பிரிவில் விண்ணப்பியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், இந்தியாவில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் பக்கா வீடு இருக்கக் கூடாது. ஒன்றிய அரசின் பங்கு 1.50 லட்சம், மாநிலப் பங்கு அதற்கு மேல். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா, தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேர் அங்கேதான் சிக்குகிறார்கள். மேற்கொண்டு தனி இழையாகக் கேளுங்கள், இதில் கலந்தால் இவர் பிரச்சினை குழம்பும்.

ஓலைவீட்டு மகள்:
கண்டுபிடித்துவிட்டோம்!

இணைப்பு நிலையில் நாங்கள் எதிர்பாராத வேறு வங்கியின் பெயர் வந்தது. அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. மகளிர் குழுக் கடனுக்காக எல்லாரையும் டவுனுக்கு வேனில் கூட்டிப்போய் ஆளுக்கொரு கணக்கு திறந்தார்களாம். கைரேகை வைத்தார், படிவத்தில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பாஸ்புத்தகங்கள் மொத்தமாகக் குழுத்தலைவி வீட்டில் இருந்தன. மஞ்சள் பையில் ரப்பர் போட்டுக் கட்டி, பீரோ மேல். நேற்று வங்கியில் பதிந்து வாங்கினோம். இரண்டாம் தவணை அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே நூறு நாள் கூலி, மூன்று வரிகள். அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இரண்டு சந்தேகம். அடுத்த தவணை பழைய கணக்குக்கே வர என்ன செய்ய வேண்டும்? கூரைக்குக் கையில் இருப்பது போதாது, வட்டிக்கு வாங்காமல் வேறு வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
பழைய வங்கிக் கிளைக்கே போய் ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவம் கேளுங்கள். இப்போது இணைந்திருக்கும் வங்கியின் பெயரை எழுதி, அங்கிருந்து இங்கே மாற்றச் சம்மதம் என்று குறிக்க வேண்டும். கொடுத்த அன்றே மாறிவிட்டது என்று நம்ப வேண்டாம். சில நாள் கழித்து இணையதளத்தில் மறுபடி பார்த்துவிட்டு, அதன்பிறகு அடுத்த படத்துக்கு ஆளைக் கூப்பிடுங்கள். மாற்றாமல் புதிய கணக்கையே வைத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் பாஸ்புத்தகம் அம்மாவின் கையில் இருக்கட்டும், பீரோ மேல் வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
கூரை விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் அடிப்படைத் தொகை சமவெளியில் 1.20 லட்சம். தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்கென்று மாநில அரசு தனியாகச் சேர்த்துத் தருகிறது. கழிப்பறைக்கு 12,000 ரூபாய் வேறு. இவையெல்லாம் உங்கள் பணி ஆணையில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று வரி வரியாகப் பாருங்கள். விருப்பப்பட்டால் 70,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கும் விதியில் இடம் உண்டு. வங்கி மேலாளர் முகம் சுளிப்பார், ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

பலரும் கோட்டைவிடுவது இன்னொன்று. உங்கள் சொந்த வீட்டு வேலைக்கே நூறு நாள் திட்டத்தில் 90 நாள் கூலி உண்டு. 2025-26இல் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது, அந்தக் கணக்கில் முழுவதும் கிடைத்தால் 30,240. இதற்கு வீட்டின் பெயரில் தனி வருகைப் பதிவேடு போட வேண்டும். அம்மாவுக்குப் போட்டார்களா?

ஓலைவீட்டு மகள்:
இல்லை ஐயா. அஸ்திவாரம் தோண்டியதே அம்மாவும் தம்பியும்தான். பதிவேடு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அப்படியானால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். பணி ஆணை, வேலை அட்டை, லிண்டல் மட்டப் படம் மூன்றின் நகலையும் வையுங்கள். மனுவில் யாரையும் திட்ட வேண்டாம். "பதிவேடு தொடங்கப்படவில்லை, மீதமுள்ள வேலைக்காவது தொடங்க வேண்டும்" என்று இரண்டே வரி எழுதுங்கள். மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஓலைவீட்டு மகள்:
மனு எழுதிவிட்டோம், தம்பி நகல் எடுக்கப் போயிருக்கிறான். சூளைக்காரருக்குப் பாதிப் பணம் கொடுத்தாயிற்று. கூரைக்குச் சென்ட்ரிங் பலகை வியாழக்கிழமை வருகிறது. ரசீது கிடைத்ததும் மனு எண்ணோடு இங்கே எழுதுகிறேன்.