மாலத்தீவு: இரண்டு பேர், நான்கு இரவு, ஒன்றரை லட்சம் போதுமா?

நாஞ்சில்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் எங்கள் பத்தாவது கல்யாண நாள். மகனைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு நானும் மனைவியும் மாலத்தீவு போய்வரலாம் என்று நினைக்கிறோம். ஊர் நாகர்கோவில். கையில் இருப்பது ஒன்றரை லட்சம். கொஞ்சம் இழுத்தால் ஒன்று அறுபது வரை போகலாம். அதற்கு மேல் கடன் வாங்கிக் கடல் பார்க்க மனமில்லை.

இங்கே ஒரு டிராவல் ஏஜெண்டிடம் விசாரித்தேன். கொச்சியிலிருந்து விமானத்தோடு சேர்த்து, மூன்று இரவு, தண்ணீருக்கு மேலே நிற்கிற வில்லா, காலை உணவும் இரவு உணவும், ஆளுக்கு 95,000 என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த தாளின் அடியில் பொடி எழுத்தில் "தீவுப் போக்குவரத்து, கிரீன் டாக்ஸ் தனி" என்று இருக்கிறது. அது எவ்வளவு வரும் என்று கேட்டால் "அதெல்லாம் பெரிசா வராது சார்" என்கிறார்.

யூட்யூபில் ஒருவர் 60,000-க்குப் போய்வந்தேன் என்கிறார், இன்னொருவர் ஐந்து லட்சம் என்கிறார். இரண்டும் ஒரே நாடுதானா? உண்மையில் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? இன்னொன்று, மனைவி சைவம். முட்டைகூடக் கிடையாது.

மாலே கணக்கர் எழுதியது:

நண்பரே, நான் தலைநகர் மாலேயில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். விருந்தினர் விடுதிகளுக்கு மாதாமாதம் இந்த கிரீன் டாக்ஸ் (சுற்றுலாப் பயணி தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு வாங்கும் வரி) படிவத்தை நிரப்பிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அழகு, அனுபவம் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும், நான் பில்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் உங்கள் ஏஜெண்ட் சொன்ன "பெரிசா வராது". அந்த ரிசார்ட் எந்தத் தீவில் இருக்கிறது, அங்கே எப்படிப் போவது என்று கேளுங்கள். கடல் விமானம் என்றால் ஓர் ஆளுக்குப் போக வர 400 முதல் 500 டாலர் சாதாரணமாக ஆகும். இரண்டு பேருக்கு 900 என்று வைத்து, டாலரை 90 ரூபாயாகப் போட்டால் 81,000 ரூபாய். ரிசார்ட்டில் கிரீன் டாக்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். இரண்டு பேர், மூன்று நாள், 72 டாலர், கிட்டத்தட்ட 6,500 ரூபாய். ஆக, 1,90,000 என்று சொன்னது 2,77,000-ஐத் தாண்டி நிற்கிறது. இன்னும் மதியச் சாப்பாடு வரவில்லை. ரிசார்ட் என்பது ஒரு தீவு, ஒரு முதலாளி. பசித்தால் அடுத்த தெருக் கடைக்குப் போக முடியாது, தெருவே கிடையாது.

அந்த 60,000 காரரும் ஐந்து லட்சக்காரரும் போனது ஒரே நாடுதான். படகுதான் வேறு. இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். விமான நிலையமே ஒரு தீவு. அங்கிருந்து நீங்கள் தங்கப்போகும் இடம் எத்தனை தூரம் என்பதுதான் செலவை முடிவு செய்கிறது. எல்லோரும் அறை வாடகையை வைத்துத் தேடுகிறார்கள். நான் சொல்வது, படகுக் கட்டணத்தை வைத்துத் தேடுங்கள், அறை அப்புறம்.

உங்கள் பணத்துக்கு ஏற்றது, மக்கள் வாழ்கிற தீவில் விருந்தினர் விடுதி. 2009-க்குப் பிறகுதான் இப்படித் தங்க வழி வந்தது, அதற்கு முன் சுற்றுலா என்றாலே ரிசார்ட்தான். மாஃபுஷி என்ற தீவு இதில் பிரபலம். பொதுப் படகாக ஓடும் ஸ்பீட் போட் முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும், ஆளுக்கு ஒரு வழிக்கு 25 டாலர் அளவில். மாலேயிலிருந்து அரசாங்கப் படகும் உண்டு, சில டாலர்தான், ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் வெள்ளிக்கிழமை ஓடாது. உங்கள் விமானம் வரும் நேரத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் பொருந்தாது. நான்கு நாள் பயணத்தில் அரை நாளைப் படகுத்துறையில் உட்கார்ந்து மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

மாஃபுஷியில் கூட்டம் அதிகம். (நாட்டின் சிறையும் அதே தீவில்தான் இருக்கிறது, விளம்பரத்தில் போட மாட்டார்கள்.) பக்கத்திலேயே குல்ஹி என்று சின்னத் தீவு. படகுச் செலவு ஏறக்குறைய அதேதான், சத்தம் குறைவு. கல்யாண நாளுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இப்போது அறை. விடுதியின் தளத்தில் ஓர் இரவுக்கு 65 டாலர், பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். நான்கு இரவுக்கு 260. அந்த முதல் கூட்டல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 286 ஆகிறது. இரண்டாவது சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டி, 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல்தான் அதைப் போடுவோம், 335-க்குப் பக்கம். அப்புறம் கிரீன் டாக்ஸ். 50 அறைக்குக் குறைவான விடுதிகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், 2025 ஜனவரியில் 3-லிருந்து இரட்டிப்பானது. உங்களுக்கு 48. மொத்தம் 383 டாலர், 34,500 ரூபாய். 260 எப்படி 383 ஆனது என்று கவுண்டரில் நின்று சண்டை போடுகிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். யாரும் ஏமாற்றவில்லை, முன்னாலேயே கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படகு இருவருக்கும் போக வர 100 டாலர். காலை உணவு அறையோடு வரும், மற்ற இரண்டு வேளைக்கு இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 45 டாலர் வையுங்கள், நான்கு நாளுக்கு 180. ஸ்நார்கலிங், மணல் திட்டு, டால்பின் எல்லாம் சேர்ந்த ஒரு நாள் படகுப் பயணம் ஆளுக்கு 35 போல. கூடவே ஒரு நாள் ரிசார்ட்டுக்கு டே பாஸ் எடுத்துப் போய்வரலாம், ஆளுக்கு 100 அளவில். உங்கள் ஏஜெண்ட் சொன்ன மாதிரி வில்லாக்களையும் நீச்சல் குளத்தையும் பார்த்து, மதியம் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம். விமானம் ஆளுக்கு 22,000 என்று வைத்துக்கொள்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்தும் மாலேக்கு நேர் விமானம் உண்டு, கொச்சி வரை போகாமல் முதலில் அதைப் பாருங்கள். வெளியேறும் வரியும் விமான நிலையக் கட்டணமும் டிக்கெட்டிலேயே இருக்கும், தனியாகக் கொடுக்க வேண்டாம்.

எல்லாம் சேர்த்தால் 1,28,000. கையில் ஒரு பதினைந்தாயிரம் உதிரியாக வைத்துக்கொண்டால் உங்கள் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது.

மைதிலி திருச்சி எழுதியது:

தம்பி, கணக்கர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அதே கடல், அதே பவளப்பாறை, பாஸ்போர்ட் இல்லாமல் இருக்கிறதே. அந்தமான் யோசித்தீர்களா? நாங்கள் குடும்பத்தோடு போனோம். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேர விமானம். இப்போது போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். பேச்சுவழக்கில் பழைய பெயர்தான் ஓடுகிறது. ஆட்டோக்காரர், கடைக்காரர், ஓட்டல்காரர் என்று எங்கே திரும்பினாலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சைவச் சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை, இட்லி தோசை கிடைக்கிறது.

செலவு என்று பார்த்தால், ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஹேவ்லாக் போகத் தனியார் கப்பல் ஆளுக்கு ஒரு வழிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு முன்பின். ஒன்றரை மணி நேரம். அரசுக் கப்பல் அதைவிட மலிவு, மெதுவாகப் போகும், டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம். சுத்தமான அறை மூவாயிரத்திலிருந்து. இருவருக்கு ஐந்து நாள், 80,000-க்குள் தாராளமாக முடியும். மிச்சத்தில் ஸ்கூபாவும் பண்ணலாம்.

ஒன்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தமான் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் நம் நேரம்தான். காலை ஐந்து ஐந்தரைக்கே வெளிச்சம், சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பத்து மணிக்கு எழுந்து சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் முழு நாளுக்குக் காசு கொடுத்துப் பாதியைத் தூங்கிக் கழிக்கிறார்கள். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் நாலு மணிக்கே அங்கே இருங்கள்.

கடல்நாரை எழுதியது:

கணக்கர் சாருக்கு ரிசார்ட் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. நாங்கள் ரிசார்ட்டில்தான் தங்கினோம். அறையிலிருந்து நாலு படி இறங்கினால் நேராகக் கடல், காலுக்கடியில் குட்டிச் சுறா. வாழ்நாளில் ஒருமுறை போகிறவர்கள் அதை விட்டுவிட்டு ஊர்த்தீவில் தங்கி, தடுப்புக் கட்டிய ஒரு துண்டுக் கடற்கரையில் மட்டும் நீச்சலுடையோடு குளிக்க வேண்டுமா? கூட ஒரு லட்சம் சேர்த்துவிட்டு அடுத்த வருடம் போகலாமே.

மாலே கணக்கர் எழுதியது:

கடல்நாரை, கோபமெல்லாம் இல்லை, ரிசார்ட்காரர்கள் கொடுக்கிற வரியில்தான் எங்கள் அலுவலகமே நடக்கிறது. நீங்கள் சொல்கிற அந்த நாலு படி சுகம் உண்மைதான், ஊர்த்தீவில் அது கிடைக்காது. அவர் கேட்டது ஒன்றரை லட்சத்துக்கு, அதனால் அப்படிச் சொன்னேன். ஒரு நடுவழி உண்டு. மூன்று இரவு குல்ஹியில், கடைசி ஓர் இரவு மட்டும் ரிசார்ட்டில். ஆனால் விமான நிலையத்திலிருந்து ஸ்பீட் போட்டில் போகக்கூடிய ரிசார்ட்டாக மட்டும் எடுங்கள். கடல் விமானம் பகலில்தான் பறக்கும், ஓர் இரவுக்காக அதில் போவது பைத்தியக்காரத்தனம். ஸ்பீட் போட் ரிசார்ட் என்றாலும் ஆளுக்கு நூறிலிருந்து இருநூறு டாலர் வரை படகுக்கே கேட்பார்கள். அப்படிச் செய்தால் டே பாஸை விட்டுவிடலாம், ஆனாலும் மொத்தம் இரண்டு லட்சத்தை நெருங்கும்.

மைதிலி அக்கா சொன்ன அந்தமானை நான் மறுக்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அந்தமான் பக்கம்தான் என் ஓட்டும். இங்கே காலை உணவே மாஸ் ஹுனி, சூரை மீனும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்தது. குழம்பு என்று கேட்டால் அதிலும் மீன். சைவம் என்று முன்கூட்டியே விடுதிக்கு எழுதிச் சொல்லிவிட்டால் ரொஷி (நம் சப்பாத்தி மாதிரி), பருப்பு, காய்கறி ஃப்ரைட் ரைஸ், உருளைக்கிழங்கு என்று செய்து கொடுப்பார்கள். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இங்கே காய்கறி விளைகிற மண் குறைவு. வெங்காயமும் உருளையும் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் கப்பலேறி வருகின்றன, தூத்துக்குடித் தோணிகளிலும் வரும். அந்தச் சரக்குக் கூலியும் உங்கள் தட்டில்தான் ஏறும்.

இன்னொரு விஷயம். பிப்ரவரி என்றீர்கள். மழை இல்லை, கடல் அமைதி, மாதம் நல்ல மாதம்தான், வாடகையும் உச்சம். ஆனால் பிப்ரவரியிலேயே ரம்ஜான் நோன்பு தொடங்குகிறது. ஊர்த்தீவில் பகலில் டீக்கடை, சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். விடுதிக்குள் விருந்தினருக்குச் சமைத்துத் தருவார்கள், தெருவில் சாப்பிடுவதோ குடிப்பதோ கூடாது. அந்த நாட்களில் வருவதானால் மதியச் சாப்பாட்டையும் விடுதியிலேயே சேர்த்து எடுத்துவிடுங்கள், நாளுக்கு ஒரு பத்துப் பதினைந்து டாலர் கூடலாம். நோன்புக்கு முந்தைய நாட்களில் கல்யாண நாள் விழுந்தால் இந்தக் கவலையே இல்லை.

நாஞ்சில்காரன் எழுதியது:

கணக்கர் அண்ணா, மைதிலி அக்கா, கடல்நாரை, எல்லோருக்கும் நன்றி. ஏஜெண்டிடம் "கடல் விமானமா, ஸ்பீட் போட்டா?" என்று கேட்டேன். "கடல் விமானம்தான் சார், அதுவே ஒரு அனுபவம்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் அந்தமானையும் பேசினோம். மகனைக் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறையில் அங்கே போகலாம் என்று மனைவி தீர்மானமே போட்டுவிட்டாள். இப்போது குல்ஹிதான். மூன்று கேள்வி மட்டும்: விசாவுக்கு எவ்வளவு? பணத்தை எப்படிக் கொண்டுவருவது? புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துவரலாமா?

மைதிலி திருச்சி எழுதியது:

கோடை என்றால் ஏப்ரலோடு முடித்துவிடுங்கள் தம்பி. மே பாதிக்கு மேல் மழை வந்துவிடும், கப்பலை ரத்து செய்துவிட்டால் ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டு கூடுதல் இரவுக்கு வாடகை கட்ட வேண்டியதுதான்.

மாலே கணக்கர் எழுதியது:

சுற்றுலாவுக்கு வரும் இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம், 90 நாள் வரை இருக்கலாம், காசு கிடையாது. திரும்பும் டிக்கெட்டும் அறை பதிவும் கையில் இருக்கட்டும். வருவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமூகா என்ற அரசுத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கிற போலித் தளங்கள் இருக்கின்றன, கவனம்.

பணத்துக்கு, கிழியாத, கறைபடாத டாலர் நோட்டுகளாக வாங்கி வாருங்கள், சில்லறை நோட்டுகளும் கலந்து. உள்ளூர் ருஃபியா ஒரு டாலருக்கு 15.42. டீக்கடைக்கும் மளிகைக்கும் மட்டும் கொஞ்சம் மாற்றினால் போதும், மிஞ்சினால் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். கிரெடிட் கார்டு தேய்த்தால் நம் வங்கி அந்நியச் செலாவணிக்கென்று மூன்று விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கும், அது போக சில விடுதிகள் தங்கள் பங்குக்கும் ஒரு கட்டணம் போடும். அறைக்கான பில்லை ரொக்கமாகவே கட்டிவிடுங்கள்.

பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகக் கொண்டு வரலாம், நன்றாகப் பொதிந்து செக்-இன் பையில் போடுங்கள். மது கூடாது, பன்றி இறைச்சி கூடாது, அது உங்களுக்குப் பிரச்சினையில்லை. வழிபாட்டுச் சிலைகளும் தடை, பையை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். பயணத்துக்குத் துணையாகப் பையில் குட்டிப் பிள்ளையார் வைக்கிற வழக்கம் வீட்டில் இருந்தால், இந்த ஒருமுறை அவரை மகனோடு பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.